யாரும் தடுக்கவில்லை

டில்லியிலிருந்து கமிட்டி வருகிறது என்ற சேதியைச் செங்கல்பட்டு வக்கீல் வரதன்தான் சவுக்குமேட்டுக் குப்பத்துக்குக் கொண்டுவந்தார். தேர்தல் சட்டத்தைத் திருத்துவதற்காக நாடாளுமன்றம் ஒரு குழு போட்டிருந்தது. ஓட்டுப்போடுவதில் ஜனங்களுக்கு என்ன கஷ்டம் என்று நேரில் கேட்டு வர, அந்தக் குழு தன் ஆட்களில் மூன்று பேரைத் துணைக்குழுவாக ஊர் ஊராக அனுப்பியிருந்தது. அவர்கள் செங்கல்பட்டுப் பயணியர் மாளிகையில் ஒரு நாள் உட்காரப் போகிறார்கள். வாக்குச்சாவடி எட்டாத இடத்தில் இருக்கிறது என்று குறை உள்ளவர்கள் வந்து சொல்லலாம்.

குழு, துணைக்குழு என்ற பேச்செல்லாம் குப்பத்து ஜனங்களுக்குப் பிடிபடவில்லை. ஆனால் வாக்குச்சாவடி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வலையைத் தைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. எல்லோரும் குப்பம்மாவைப் பார்த்தார்கள்.

சவுக்குமேடு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் கிடந்த மணல்திட்டு. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பஸ் போகிற ரோடு எல்லாம் கால்வாய்க்கு அந்தப்பக்கம். வாக்குச்சாவடியும் அங்கேதான், பள்ளிக்கூடத்தில். கால்வாய் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். தண்ணீர் வடிந்த நேரத்தில் இரண்டு கரையோரமும் முழங்கால் ஆழம்தான். ஆனால் நடுவே, விறகுப் படகுகள் போய்வருவதற்காகத் தூர்வாரிய பள்ளம் ஒன்று உண்டு. அதில் கால் வைத்தால் ஆள் தெரியாது. கடல் ஏறும்போது அந்தப் பள்ளத்தில் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேராகக் கட்டுமரத்தில் கடப்பார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷத்துத் தேர்தலன்று ஒரு கட்சிக்காரர்கள் ஜனங்களை ஓட்டுப்போட அழைத்துப்போகச் சௌகத் அலி பாயின் படகைக் கேட்டு வாங்கினார்கள். சௌகத் அலி சதுரங்கப்பட்டினத்தில் விறகுத்தொட்டி வைத்திருந்தவர். சவுக்குக் கட்டை ஏற்றி மதராசுக்கு அனுப்பும் அகலப் படகு அவருடையது. அவருடைய படகுக்காரன் மரக்காணம் போயிருந்ததால், பள்ளத்தின் போக்கு தெரிந்தவன் என்று சிங்காரத்தைக் கூப்பிட்டுப் படகு தள்ளும் மூங்கிலைக் கையில் கொடுத்தார்கள்.

சிங்காரம் குப்பம்மாவின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். பெரியவனானதும் தன் ஒரே மகள் கல்யாணியை அவனுக்கே கட்டிக்கொடுத்தாள். மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த வருஷம்தான் கல்யாணிக்கு ஓட்டு வந்திருந்தது. யாருக்குப் போடப் போகிறாய் என்று ஊரே கேட்டும் அவள் சொல்லவில்லை. மாமனுக்கும் சொல்ல மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே அடம்பிடித்தாள்.

முதல் நடையில் குப்பம்மா போய் ஓட்டுப்போட்டுவிட்டு, மகளுக்காக மேற்குக் கரையில் நின்றிருந்தாள். அடுத்த நடை கிளம்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் கட்சிக் கொடியைத் தலையில் கட்டிய ஆள் ஒருவன் இன்னும் இன்னும் என்று ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டே இருந்தான். தண்ணீர்மேல் குரல் நன்றாகக் கேட்கும். சிங்காரம் கத்தியது குப்பம்மாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"போதும், ஏத்தாத. நாலு பேரை எறக்கு. இதுக்கு மேல நான் மூங்கிலத் தொட மாட்டேன்."

அஞ்சு மணிக்குக் கேட்டை மூடிவிடுவான் என்று அந்த ஆள் பதிலுக்குக் கத்தினான். கத்தியதோடு நிற்காமல், தண்ணீரில் இறங்கிப் படகின் பின்பக்கத்தைத் தானே தள்ளிவிட்டான். படகு கரையை விட்டு நகர்ந்துவிட்டது. நகர்ந்த பிறகு சிங்காரத்தால் மூங்கிலை ஊன்றாமல் இருக்க முடியவில்லை. பள்ளத்துக்கு வந்தபோது இழுப்பில் படகு ஒரு பக்கம் சாய, பயந்துபோய் எல்லோரும் மறுபக்கம் எழுந்தார்கள். அவ்வளவுதான்.

ஒன்பது பேர் போனார்கள். சிங்காரம் முழுகி முழுகிப் பலரைத் தூக்கினான். கல்யாணி கடைசியாகத்தான் அவன் கைக்கு அகப்பட்டாள்.

விசாரணை, விபத்து என்று முடிந்தது. கொடி கட்டிய ஆளை அப்புறம் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சிங்காரம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஆனால் கடலுக்குப் போனான், வந்தான், அக்கா போட்ட சோற்றைத் தின்றான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லாமலே இருந்து பழகிக்கொண்டார்கள்.

இப்போது ஊர்ப் பஞ்சாயத்தார் கூடி, கமிட்டி முன்னால் குப்பம்மாவே பேசட்டும் என்று முடிவு பண்ணினார்கள். பெற்றவள் பேசினால் எடுபடும். தவிர, செங்கல்பட்டுச் சந்தை வரை கூடை தூக்கிப் போய் மீன் விற்றவள், நாலு பேர் முன்னால் வாய் குழறாது. குப்பம்மாவுக்கும் அதில் சம்மதம்தான். அடுத்த தேர்தல் எப்படியும் வரும். அன்றைக்கு வேறு யார் பெண்ணோ அந்தத் தண்ணீரைத் தாண்ட வேண்டியிருக்கும்.

பேச வேண்டியதைச் சொல்லிக்கொடுக்க வரதன் இன்னொரு தரம் வந்தார். நல்ல மனுஷர். மீனவர் சங்கத்துக்காகக் கூலி வாங்காமல் வழக்காடுகிறவர். நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன் என்று குப்பம்மா சொன்னதும் அவர் கையமர்த்தினார்.

"இங்க பாருங்கம்மா. கட்சிக்காரங்க படகு அனுப்பினாங்கன்னு நீங்க சொன்னா அது தேர்தல் குற்றம். ஓட்டுப்போடுறவங்களை ஏத்திக்கிட்டு வர்றதே சட்டப்படி தப்பு. குற்றத்தை விசாரிக்கிறது கோர்ட்டு வேலை, எங்க வேலை இல்லேன்னு உங்க பேச்சை அங்கேயே நிறுத்திடுவாங்க. அந்தத் தேர்தலைப் பத்தி வழக்குப் போட கெடுவும் எப்பவோ முடிஞ்சுபோச்சு. சாவடி கேட்கத்தானே போறோம்? அதுக்கு வழி பார்ப்போம்."

படகை ஊர்க்காரர்களே எடுத்துக்கொண்டு போனதாகச் சொல்லிவிடுங்கள், சாவடி தூரமாக இருந்ததால் வேறு வழியில்லாமல் போனோம் என்று சொல்லுங்கள் என்றார் அவர். பொய் என்று அதை அவர் சொல்லவில்லை. சுருக்கிச் சொல்வது என்றார்.

அன்று சாயங்காலம் சௌகத் அலி வந்தார். விபத்துக்குப் பிறகு அந்தப் படகை அவர் தண்ணீரில் விடவே இல்லை. அது விறகுத்தொட்டிக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. அவர் வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"நீ இன்னா சொன்னாலும் சரி குப்பம்மா. பாய்தான் கட்சிக்குப் படகு குடுத்தான்னு சொல்லு, நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். என்னை நெனச்சு எதையும் மறைக்காத."

வரதன் சொன்னதை அவள் அவரிடம் சொன்னாள். அவர் தலை குனிந்துகொண்டார். சட்டம் படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றுமட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சிங்காரத்திடமும் சொன்னாள். அவன் பாதி சாப்பாட்டில் இருந்தான். உன் பேர் வராது, வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது அவன் நிமிர்ந்து பார்த்தான். செங்கல்பட்டுக்கு நானும் வருகிறேன் என்றான்.

பயணியர் மாளிகைக் கூடத்தில் நீள மேஜை போட்டிருந்தார்கள். நடுவில் வெள்ளை ஜிப்பா போட்ட வடக்கத்திப் பெரியவர், அவர்தான் தலைவர். ஒரு பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள், மறுபக்கம் ஆந்திரக்காரர் ஒருவர். தாலுகா ஆபீஸைச் சேர்ந்த சிவப்பிரகாசம் என்பவர் மொழிபெயர்க்க நின்றார். சவுக்குமேட்டுக்காரர்களுக்கு முன்னால் மதுராந்தகத்திலிருந்து வந்த ஒரு கூட்டம், ஏரி நிறைந்தால் தங்கள் ஊர்ச் சாவடிக்கு வழி இல்லாமல் போவதைப் பற்றிப் பேசியது. கருங்குழியிலிருந்து வந்த ஒருவர் செத்தவர்களுக்கெல்லாம் ஓட்டு இருக்கிறது என்று சொல்ல, கூடத்தில் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். பிறகு குப்பம்மாவைக் கூப்பிட்டார்கள். சிங்காரம் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான்.

குப்பம்மா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். கால்வாயைப் பற்றிச் சொன்னாள், பள்ளத்தைப் பற்றிச் சொன்னாள், பிள்ளைத்தாய்ச்சிகளும் கிழடுகளும் தேர்தல் நாளில் கட்டுமரத்தில் குந்திக்கொண்டு போவதைச் சொன்னாள். சிவப்பிரகாசம் சொல்லச் சொல்ல அந்த அம்மாள் குறித்துக்கொண்டாள். மகள் செத்ததைச் சொன்னபோது அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு, உன் மகள் ஓட்டுப்போட்டாளா என்று கேட்கச் சொன்னாள். இல்லை, போகும்போதே போய்விட்டாள் என்றாள் குப்பம்மா. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

தலைவர் கேட்டார், படகு யாருடைய ஏற்பாடு என்று. சொல்லிக்கொடுத்தபடியே அவள் சொன்னாள். விறகுப் படகு கரையில் கிடந்தது, நாங்களே எடுத்துக்கொண்டு போனோம். தலைவர் தலையசைத்தார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஆந்திரக்காரர் முன்னால் சாய்ந்து தெலுங்கில் ஏதோ கேட்டார். மீன் யாவாரத்தில் தெலுங்கு கேட்டுப் பழகியவள் குப்பம்மா. சிவப்பிரகாசம் தமிழில் சொல்லுமுன்பே அவளுக்குக் கேள்வி விளங்கிவிட்டது. படகை ஓட்டியது யார்?

சிவப்பிரகாசம் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும் வரை அவளுக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் அவள் வரதனைப் பார்த்தாள். வரதன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஆளுதாங்க," என்றாள்.

பேர் கேட்டார்கள்.

"சிங்காரம். எந் தம்பி."

அவ்வளவு பேரை ஏற்றக்கூடாது என்று அவனுக்குத் தெரியாதா என்று கேட்டார் ஆந்திரக்காரர். தெரியும் என்றாள். தெரிந்தும் ஏற்றினானா? அவள் பதில் சொல்லவில்லை. சரி, அப்போது கரையில் இருந்தவர்கள் யாராவது வேண்டாம் என்று தடுத்தார்களா?

தடுத்தது யார் என்று சொன்னால், யாரைத் தடுத்தான் என்று அடுத்த கேள்வி வரும். கொடி கட்டியவன் வருவான், கட்சி வரும், பேச்சை நிறுத்திவிடுவார்கள். மேஜைமேல் அந்த அம்மாள் எழுதி வைத்திருந்த தாளைக் குப்பம்மா பார்த்தாள். தான் கேட்டதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"யாரும் தடுக்கலீங்க," என்றாள்.

சிவப்பிரகாசம் அதை இங்கிலீஷில் சொன்னார். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தபோது சுவரோரத்து இடம் காலியாக இருந்தது.

மறுநாள் துணைக்குழு மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வரும் வழியில் கால்வாயையும் பார்க்கும் என்று வரதன் ஏற்பாடு செய்திருந்தார். ஊர் முழுக்கக் கிழக்குக் கரையில் கூடிக் காத்திருந்தது. கார்கள் மேற்குக் கரையில் வந்து நின்றபோது தண்ணீர் நன்றாக வடிந்திருந்தது. கரையோரத்தில் பெண்கள் நாலைந்து பேர் குனிந்தபடி கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அவர்கள் இடுப்பைக்கூட எட்டவில்லை.

தலைவர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஆந்திரக்காரர் சிவப்பிரகாசத்திடம், இந்தத் தண்ணீரிலா என்று கேட்டார். மேற்குக் கரையில் நின்றிருந்த குப்பம்மாவுக்கு அந்தக் கேள்வியும் புரிந்தது. ஏற்றம் இறக்கம் என்று ஒன்று இருக்கிறது, நடுவில் பள்ளம் இருக்கிறது என்று அவள் அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அதைச் சிவப்பிரகாசம் சொல்வதற்குள் எதிர்க்கரையிலிருந்து ஒரு ஆள் தண்ணீரில் இறங்குவது தெரிந்தது.

சிங்காரம்தான். முந்தின நாள் செங்கல்பட்டிலிருந்து அவன் எப்படித் திரும்பினான், எங்கே படுத்தான் என்று யாருக்கும் தெரியாது. சட்டையோடு நேராக நடந்து வந்தான். முழங்கால், தொடை, பிறகு ஒரே அடியில் கழுத்து. அதற்கும் அடுத்த அடியில் அவன் தலை தெரியவில்லை. ஒரு கை மட்டும் மேலே நீட்டி, இதோ இவ்வளவு ஆழம் என்று காட்டுவதைப்போல விரித்த விரல்களோடு நின்றது.

ஆனால் அந்த நேரத்தில் தலைவர் திரும்பிவிட்டிருந்தார். சென்னையில் சாயங்காலம் அவர்களுக்கு வேறு கூட்டம் இருந்தது. அந்த அம்மாள் மட்டும் காரில் ஏறுமுன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். குளிக்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ. கதவுகளைச் சாத்திக்கொண்டு கார்கள் போய்விட்டன.

சிங்காரம் நனைந்த சட்டையோடு மேற்குக் கரையில் ஏறி வந்தான். அக்காவின் பக்கம் பார்க்காமல், திரும்ப அதே தண்ணீரில் இறங்கி நீந்திப் போனான்.

அதற்குப் பிறகும் அவன் வீட்டில்தான் இருந்தான். சாப்பிட்டான். கேட்டதற்குப் பதில் சொன்னான். பேச வேண்டும் பேச வேண்டும் என்று குப்பம்மா ஒவ்வொரு நாளும் நினைப்பாள். குழம்பை ஊற்றும்போது வாய்வரை வரும். அவன் முகத்தைப் பார்த்ததும் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுந்துபோவாள்.

அடுத்த வருஷம் அறிக்கை வெளியானது. வரதன் சந்தோஷமாக அதைத் தூக்கிக்கொண்டு கட்டுமரத்தில் ஏறி வந்தார். நீர்நிலையைக் கடந்து போக வேண்டிய நிலையில் எந்த வாக்காளரும் இருக்கக்கூடாது, அப்படிப்பட்ட ஊர்களில் தனிச் சாவடி வைக்க வேண்டும் என்று துணைக்குழு எழுதியிருந்தது. வரதன் அதை இரண்டு தரம் தமிழில் சொன்னார். ஜனங்கள் கை தட்டினார்கள். குப்பம்மாவின் கையை ஒரு கிழவி பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சிங்காரம் கேட்டான்.

"படகப் பத்தி இன்னா எழுதிக்கீறாங்க, வக்கீலய்யா?"

வரதன் தயங்கினார். அதெல்லாம் முக்கியமில்லை என்றார். படியுங்கள் என்றான் சிங்காரம். அவன் குரல் உயரவில்லை. வரதன் பக்கத்தைப் புரட்டி, வார்த்தை வார்த்தையாகத் தமிழில் சொன்னார். வாக்காளர்கள் தாங்களாகவே ஒரு சரக்குப் படகை எடுத்துச் சென்றதாகவும், அபாயம் தெரிந்திருந்தும் படகை ஓட்டியவர் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதாலும், யாரும் அதைத் தடுக்காததாலும் ஒன்பது உயிர்கள் போனதாகவும் துணைக்குழு அறிகிறது.

பேர் போடவில்லை என்று வரதன் சேர்த்துச் சொன்னார். பேர் போட வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த ஒன்பது வீட்டு மனுஷர்களும் அங்கேதான் இருந்தார்கள். உண்மை தெரிந்தவர்கள்தான் அவர்களும். ஆனால் அச்சில் ஏறிய சொல்லுக்கு ஒரு பலம் வந்துவிடுகிறது. கொஞ்ச நாளில், அவன் நினைத்திருந்தால் மூங்கிலைத் தூக்கிப் போட்டிருக்கலாமே என்று ஒருவர் சொன்னார். அதை இன்னொருவர் திருப்பிச் சொன்னார். சிங்காரம் வந்தால் பேச்சு நின்றது.

ஒரு காலை அவன் துணிமணியைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே போகிறேன் என்றான். குப்பம்மா அவன் முன்னால் போய் நின்றாள். அப்போதுதான் பேச்சு வந்தது அவளுக்கு. சாவடிக்காகத்தான்டா சொன்னேன் என்றாள். இன்னொரு கல்யாணி போகக்கூடாது என்றுதான் சொன்னேன் என்றாள். மகள் பேரை இரண்டு பேரும் வாயால் சொல்லி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"தெரியும்கா," என்றான் சிங்காரம். "பூத்துக்காகத்தான்னு எனக்குத் தெரியும். அதத் தப்புன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு நான் கத்துனத நீ கேட்ட. அந்தக் கரையில நின்னுகினு நீ கேட்டன்னுதான் இத்தினி நாளு நான் தூங்கிகினு இருந்தேன்."

அவள் விலகி வழி விட்டாள்.

நடந்ததைத் திருத்திவிட வேண்டும் என்று குப்பம்மாவுக்கு வெறியே வந்துவிட்டது. சௌகத் அலியிடம் போனாள். நானும் வருகிறேன், படகு நான் கொடுத்ததுதான் என்று நானே வாயால் சொல்கிறேன் என்று அவர் விறகுத்தொட்டியைப் பூட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினார். செங்கல்பட்டுத் தாலுகா ஆபீஸில் சிவப்பிரகாசத்தைத் தேடிப் பிடித்தார்கள். அவருக்கு அவளை ஞாபகம் இருந்தது. பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவள் சொன்னதையும் பாய் சொன்னதையும் முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொல்றது நெசம்னே வைங்க," என்றார். "யாருகிட்ட சொல்றது? அறிக்கை குடுத்ததோட அந்தத் துணைக்குழு முடிஞ்சுபோச்சும்மா. இப்ப அப்படி ஒண்ணு இல்லை. நீங்க மனு எழுதினாலும் அதைப் பிரிச்சுப் படிக்க ஒரு ஆள் கெடையாது."

புதுக் கமிட்டி போட மாட்டார்களா என்று சௌகத் அலி கேட்டார். போட்டாலும் அது வேறு வேலைக்காக இருக்கும் என்றார் சிவப்பிரகாசம். பிறகு அவரே மெல்ல, அன்றைக்கு நீங்கள் பதில் சொல்லாமல் நின்ற அந்தக் கணத்தில் எனக்கும் ஏதோ தோன்றியது, ஆனால் சொன்னதை மொழிபெயர்ப்பதுதான் என் வேலை என்றார். குப்பம்மா அவரைக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாய் அழுதார். அவர் அழுவதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிறகு எமர்ஜென்சி வந்தது. தேர்தலே இனிமேல் கிடையாது என்று பேசிக்கொண்டார்கள். அப்படியானால் எதற்காக இதெல்லாம் என்று குப்பம்மா நினைத்துக்கொள்வாள். எழுபத்தேழில் திடீரென்று தேர்தல் அறிவித்தார்கள். சவுக்குமேட்டுக்குத் தனி வாக்குச்சாவடி வந்தது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக் கொட்டகையில் சாக்குத் திரை கட்டி, பெட்டி வைத்தார்கள். பெட்டியையும் அதிகாரிகளையும்தான் கட்டுமரத்தில் ஏற்றி அழைத்து வர வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு அந்த அதிகாரிகள் பயந்து வந்ததைப் பார்த்து ஊர் சிரித்தது.

அன்றைக்கு ஊரில் திருவிழாப்போல இருந்தது. இதுவரை ஓட்டே போடாத கிழவிகள் மணலில் நடந்து வந்து வரிசையில் நின்றார்கள். குப்பம்மாவை முதலில் போடச் சொன்னார்கள். எல்லோரும் போடட்டும் என்று அவள் ஒதுங்கி நின்றாள். காசிமேட்டு மீன்காரிகளிடம் சொல்லி, தேர்தலுக்கு வரும்படி தம்பிக்குச் சேதி அனுப்பியிருந்தாள். பஸ் வரும் நேரத்துக்கெல்லாம் கால்வாய்க் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூடும் நேரத்தில்தான் உள்ளே போய் முத்திரை குத்தினாள். யாருக்குக் குத்தினாள் என்பது அவளுக்கே மனதில் நிற்கவில்லை.

மறுநாள் அவள் காசிமேடு போனாள். விசாரித்து விசாரித்துப் படகைக் கண்டுபிடித்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. சிங்காரம் ஐஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"பூத்து வந்துச்சா?"

"வந்துச்சு."

"அல்லாரும் நடந்தே போனாங்களா?"

"நடந்தேதான் போனாங்க."

நல்லது என்றான் அவன். கூட வேலை செய்தவர்கள் யார் இது என்று பார்த்தார்கள். குப்பம்மா அவர்கள் பக்கம் திரும்பினாள். இதைச் சொல்லத்தான் வந்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் இவன் அக்கா. எங்கூருல படகு கவுந்து ஒம்போது பேரு செத்தாங்க, எம் பொண்ணும் செத்தா. போதும், ஏத்தாதன்னு இவன் கத்துனான். தடுத்தவன் இவன் ஒருத்தன்தான். நான் காதால கேட்டேன். கமிட்டிகாரங்க கேட்டப்போ நான் பொய் சொல்லிட்டேன்."

படகில் இருந்தவர்களில் ஒருவன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். வயசான ஒருத்தர் மட்டும் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சரிம்மா என்றார். சிங்காரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, நட அக்கா, பஸ்ஸு போயிடும் என்றான்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தான். வழியில் ஒரு கடையில் டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்தான். தின்று முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வா என்று அவள் கூப்பிடவில்லை. வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை. பஸ் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் கைமேல் ஒரு கணம் தன் கையை வைத்தான். அதற்குப் பிறகு அவன் சவுக்குமேட்டுக்கு வரவே இல்லை. நல்லது கெட்டதுக்குச் சேதி மட்டும் வரும்.

அன்றைக்குக் குப்பம்மா பஸ்ஸை விட்டு இறங்கிக் கால்வாய்க்கு வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கடல் ஏறி, தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு கிடந்தது. அக்கரையில் கொட்டகையின் சாக்குத் திரையை யாரோ அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயருகே கையைக் குவித்துக் கட்டுமரத்துக்குக் குரல் கொடுத்தாள். அது வரும் வரைக்கும், கொண்டுபோயிருந்த கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.